பின்சக்கரம்

என் எண் நாற்பத்தொன்று.
கைப்பிடிக்கு முன்னால் அதைக் கட்டி முடிப்பதற்குள்
மழை பிடித்துக்கொண்டது.
போஹோர்யே மலைக்கு மழை பழசு.
எனக்குத்தான் பந்தயம் புதுசு.

வண்டி அண்ணன் லோவ்ரோவினுடையது.
இருக்கைக்குக் கீழே, பின்பக்கம்,
அவன் ஒட்டிய ஓநாயை நேற்றிரவு நகத்தால் சுரண்டினேன்.
தலை வந்துவிட்டது, உடம்பும் வந்துவிட்டது,
வால் மட்டும் வரமாட்டேன் என்றது.

கடைசி வரிசையில் நிற்கிறேன்.
எனக்கு முன்னால் முழுக்க முழங்கைகள்.
ஒலிபெருக்கியில் "பிரினா கோரென்யாக்" என்றபோது
நானும் திரும்பிப் பார்த்தேன், யாரது என்று.

விசில்.

புல்வெளி ஏற்றத்தில் சனங்கள்
பசுவின் மணிகளைக் கையில் பிடித்து ஆட்டுகிறார்கள்.
வேலிக்கு அப்பால் பசுக்கள்
ஒன்றும் ஆட்டாமல்
எங்களையே பார்த்துக்கொண்டு மெல்லுகின்றன.

ஒரு விதி உண்டு, அம்மா வேனில் நான்கு முறை சொன்னாள்:
முதலில் போகிறவளுக்கு ரொம்பப் பின்னால் விழுந்தால்
சுற்று முடிகிற இடத்தில் சிவப்புக் கொடி குறுக்கே வரும்,
இறங்கி ஓரமாய்ப் போய்விட வேண்டும்.
ஜெயிக்க வந்தவர்கள் வேறு யாரோ.
நான் அந்தக் கொடியைத் தாண்ட வந்தவள்.

பீச் மரக்காட்டுக்குள் நுழைந்தபோது
எனக்கென்று மிச்சமிருந்தது ஒரு பின்சக்கரம்.
அதன் ரப்பரில் ஒரு பல் இல்லை.
சேற்றில் அது பதித்துப்போன தடத்தில்
ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் ஓட்டை.
மேலே பழுப்புக் காலுறை, இடது மட்டும் சரிந்து.
அதற்கும் மேலே முதுகெலும்பு நெடுக ஒரு சேற்றுக் கோடு.
அவ்வளவுதான் அவள்.

அவள் கியர் மாற்றினால் மாற்றினேன்.
அவள் பிரேக் பிடிக்காத இடத்தில்
கண்ணை மூடாமல் இருக்கப் பழகினேன்.
நனைந்த வேர்கள் விலாங்குகள் மாதிரி
பாதைக்குக் குறுக்கே கிடந்த இடத்தில்
திரும்பாமலே கத்தினாள்:
"வேர்!"

யாருக்குச் சொன்னாள்?
பின்னால் என்னைத் தவிர மழைதான் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் சுற்று.
அதே வேர். இம்முறை கத்தவில்லை, விழுந்தாள்.
வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.
நடுவில் எனக்கு மட்டும் போதுமான ஒரு சந்து.
"போ, போ" என்று கையை வீசினாள்.

போனேன்.
அதற்குப் பிறகுதான் காடு எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது.
முன்னால் தடமில்லை, காலுறையில்லை.
எந்த இடத்தில் பயப்படுவது என்றுகூட
நானே முடிவு செய்யவேண்டியிருந்தது.
இரண்டு முறை தவறாகப் பயந்தேன்.
ஒரு முறை பயப்படாமல் போய்
முழங்காலைப் பாறையில் விட்டுவிட்டு வந்தேன்.

கொடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசிச் சுற்றின் காட்டில்
முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது,
மூன்று மூன்றாக இழுக்கும் அதே மூச்சு.
வேர் வந்தது.
தொண்டை தானாகத் திறந்துகொண்டது:
"வேர்!"

கோட்டருகே அரைச் சக்கரத்தில் முந்திப்போய்விட்டாள்.
இருபத்தேழு அவள். இருபத்தெட்டு நான்.
முப்பத்தாறு பேர் புறப்பட்டோம்,
பாதிப் பேர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

வண்டி கழுவும் குழாய்க்கு வரிசை.
முன்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள்.
மூக்கெல்லாம் புள்ளி, உதட்டில் ரத்தம்,
பார்த்த முகமே இல்லை.
மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன்.
பிறகு குழாயை எடுக்கக் குனிந்து திரும்பினாள்.
முதுகில் சேற்றுக் கோடு.
"ஓ, நீயா!" என்றேன்.

தண்ணீரை என் வண்டியின் மேல் அடித்தாள்,
இருக்கைக்குக் கீழே சேறு கரைகிறவரைக்கும்.
"ஒரு சுற்று முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்,
சொல்லு,
இந்த வால் எந்த மிருகத்தினுடையது?"